கடைசிப் பட்டியல்

அப்போது நான் மதுரையில் ஒரு கல்லூரி வாத்தியார். இண்டர்மீடியட்டில் இரண்டு முறை தேறாத மாணவர்களுக்கு, புத்தகத்தில் விவரம் தேடச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வகுப்பில் என்னால் உட்காரவே முடியாது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

பயிர்களைப் பற்றிச் சீமையிலிருந்து வந்த தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று காட்டும் கடைசிப் பட்டியலைப் பார்த்துப் பழகுங்கள் என்று சொல்லி அதைக் கொடுத்தனுப்பினேன்.

மறுவாரம், "பருத்தி?" என்று கேட்டேன். செல்லூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் பதில் சொல்ல எழுந்தான்; புத்தகத்தைத் தொடவேயில்லை.

"நூத்திப் பதினாலு சார்."

"கரும்பு?"

"எம்பத்தேழு."

பட்டியல் முழுவதையும் உருப்போட்டு வந்திருந்தான்!

"அந்தப் பக்கத்துல என்னடா இருக்கு?" என்று கத்தினேன்.

"அதையும் வாசிக்கணுமா சார்? இதுக்கே அம்புட்டுப் பாடாப் போச்சு."

ஆத்திரத்தில் புத்தகத்தைப் பிடுங்கி நூற்றுப் பதினான்கைத் திறக்கப் போனேன். திறக்க வரவில்லை. சீமைப் புத்தகங்களில் மடிந்திருக்கும் தாள்களை வாங்கியவர்தான் கத்தியால் வெட்டிப் பிரிக்க வேண்டும். அந்த மடிப்பு வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. கடைசிப் பட்டியல் மட்டும் விரல்பட்டு அழுக்கேறிக் கிடந்தது.

இரண்டு வருஷமாக அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.