ஏரிக்கரையில் நான் வைத்த புள்ளி

சனிக்கிழமை மாலை எங்கள் நாணயச் சேகரிப்பாளர் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். ஒரு ஏரிக்கரை, அதில் ஏழு குழி. கீழே, "ஒண்ணும் சிக்கல" என்று ஒரு வரி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கரை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை கனமழை என்று வானிலை அறிவிப்பு வேறு. ஞாயிறு காலை கிளம்பிவிட்டேன்.

இந்தக் கிறுக்கு உள்ளவர்களுக்காக முன்கதையைச் சொல்கிறேன். காப்பீட்டு அலுவலக வேலை போக, பழைய காசும் மெட்டல் டிடெக்டருமாகத் திரிகிறவள் நான். இதில் முக்கால்வாசி வேலை வீட்டிலேயே முடியும். வெளிநாட்டு நூலகங்கள் பழைய நில அளவை வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அப்படி ஒன்றில் வல்லக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் 'சந்தை' என்று குறித்திருந்தது. சந்தை கூடிய இடமென்றால் காசு விழுந்திருக்கும். அரசின் நிலப் பதிவுத் தளத்தில் அது யாருடைய பட்டா என்று பார்த்தேன். ஏரிக்கரைக்குக் கீழே, செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்டெல்லாவின் நிலம். நேரில் போய்க் கேட்டேன், சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். இரண்டு மணி நேரம் தேடியதில் கம்பெனி போல்ட்டுகள் பதினொன்று, தேய்ந்த கால் அணா ஒன்று. காசை அருங்காட்சியகத் தளங்களின் படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, பெருமை தாங்காமல் வரைபடத்தோடு குழுவில் போட்டேன். இடத்தில் புள்ளியும் வைத்தேன்.

தாம்பரத்தில் 8.10க்குப் பேருந்து. ஒரகடம் கூட்டு ரோடு வரை 23 கிலோமீட்டர், 25 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். படப்பையில் ஷிப்டு பேருந்துகள் வரிசைகட்டி நின்றதால் இருபது நிமிடம் போனது. ஜன்னலோரம் கிடைத்தும் ஒன்றையும் பார்க்கவில்லை. வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோ, 30 ரூபாய். ஊர் பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், நீங்களும் பொதையலுக்கா?"

"ஏன் கேக்கறீங்க?"

"வியாயக்கெழம நாலு பேரை ஏத்திகினு போனேன். போன்ல மேப்பு வச்சிகினு இங்க நிறுத்து, அங்க நிறுத்துன்னு ஒரே ரோதன."

போனைத் திறந்து, குழுவில் நான் போட்ட வரைபடத்தைப் பார்த்தேன்.

கரைமேல் ஏறியதும் என் தவறு விளங்கிவிட்டது. பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது முப்பது, நாற்பது மீட்டர் தள்ளிப்போவது சகஜம். அன்று கருவியோடு தேடும்போது அதைச் சரிபார்த்துத்தான் கீழே இருக்கும் நிலத்தில் தேடினேன். குழுவில் போடும்போது திருத்தாத வரைபடத்திலேயே புள்ளியை வைத்துவிட்டேன். புள்ளி சரியாகக் கரையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வந்தவர்கள் அங்கேயே தோண்டியிருக்கிறார்கள். தண்ணீர்ப் பக்கம் இருந்த இரண்டு குழி முழங்கால் ஆழம். கரைக்கு மறுபக்கம் ஸ்டெல்லாவின் நாற்றங்கால், விதைத்துப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. கரை உடைந்தால் முதலில் போவது அதுதான்.

என்னிடம் இருந்தது காசு தோண்டும் கையளவு களைக்கொத்துதான். அதை வைத்து மூன்று மணி வரை நான்கு குழியைத்தான் மூட முடிந்தது.

ஞாயிறானாலும் ஸ்டெல்லாவுக்கு அன்று ஓவர்டைம். கம்பெனி பேருந்தில் இறங்கி, 3.10க்கு யூனிபார்மோடு நேரே கரைக்கு வந்தாள்.

"அக்கா! நீங்களா மூடிகினு கீறீங்க? நல்லவேள வந்தீங்க. எவனோ இந்த எடத்த நெட்ல போட்டுட்டான்க்கா. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, யாருன்னு கண்டுபுடிச்சிக் குடுங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்துவிட்டது.

"நான்தான் ஸ்டெல்லா."

வீட்டுக்குப் போய் இரண்டு மண்வெட்டி எடுத்துவந்தாள். ஒன்றை என் பக்கம் போட்டாள். ஐந்தரை வரை வெட்டிப் போட்டு மிதித்தோம். முடிந்ததும், "இப்ப அழிங்க, நான் பாக்கணும்" என்றாள். பதிவை அவள் கண்ணெதிரே நீக்கினேன்.

"அவனுங்க போன்லகீறது?"

மண்வெட்டியைக் கழுவ ஏரியில் இறங்கினேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஊர் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். வரைபடங்களைத் தேடிப் படியுங்கள், தப்பே இல்லை. கோயில் கோபுரம், கூட்டு ரோடு என்று இடம் மாறாத மூன்றையாவது வைத்துப் பொருத்திப் பாருங்கள். ஏரி, கோயில், தொல்லியல் துறை இடங்கள் பக்கம் கருவியோடு போகாதீர்கள். மண்ணில் மதிப்புள்ள எது கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சட்டம் இருக்கிறது. காசின் படத்தைப் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். நான் போட்டது ஒரே ஒரு புள்ளி.

திங்கட்கிழமை காலை சொன்னபடியே கொட்டியது. அலுவலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை, ஸ்டெல்லாவை நாலு தடவை அழைத்தேன். கம்பெனியில் வேலை நடக்கும் லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரிந்தும் அழைத்தேன். மூன்றரைக்கு அவளே கூப்பிட்டாள்.

"கர நிக்குதுக்கா."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

"ஆனா மழ விட்டதும் ரெண்டு பேரு வந்து நிக்கிறானுங்க. கையில உங்க மேப்பு. இன்னா சொல்லட்டும்?"