ஏழு பத்துக்கு ஏறி எட்டு ஐம்பதுக்கு இறங்கியவன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். காரைக்குடியில் இருக்கும் என் தங்கையின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. இடம், ஒக்கூர் பக்கம் அவள் புகுந்த வீட்டுக் குலதெய்வக் கோயில்.

தங்கைக்கு அண்ணன் ஒருவன், தம்பி ஒருவன். நான் மூத்தவன், உள்ளூர். தம்பி சிங்கப்பூர். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தவன் நான். ஆனால் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்த அவள் கூப்பிட்டது 'சிங்கப்பூர் மாமன்'தான். உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்! எனக்கு வயிறு எரிந்தது. போதாததற்குத் திருச்சி ஏர்போர்ட்டில் போய் அவனை அழைத்து வரும் வேலையும் என் தலையில்.

முதல் நாள் மாலை டிக்கெட்டை போனில் பார்த்தேன். கிளம்புவது ஏழு பத்து, இறங்குவது எட்டு ஐம்பது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லையா? தேடிப் பார்த்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் என்றிருந்தது. கூட்டிப் பார்த்தேன், பதினொன்றரை ஆகிவிடும். முகூர்த்தமோ பன்னிரண்டு வரைதான்.

தங்கையிடம் சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "காலையிலேயே வந்துருவேன்னு சொன்னானேண்ணே, நல்லாப் பாத்தீகளா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன்த்தா. டிக்கெட்டுல தப்பா அடிச்சிருக்கு" என்றேன். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் கணக்கு மாறிவிடுமோ என்று உள்ளுக்குள் பயம்.

"அப்ப நீங்களே மடியில வச்சுக்கிருங்க" என்றாள். அந்த 'நீங்களே' குத்தினாலும், சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஒன்பதரைக்கு, காது குத்தியதும் ஏர்போர்ட் போகலாம் என்று கோயிலில் பட்டு வேட்டியோடு நிற்கிறேன், போன் அடித்தது. தம்பி. விமானத்தில் பறந்துகொண்டிருப்பவன் எப்படிக் கூப்பிடுவான்? அப்போதுதான் உறைத்தது. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் தப்பே இல்லை, அவன் திருச்சியில் எனக்காகக் காத்து நிற்கிறான்.

எடுத்திருந்தால், டாக்சியில் வரச் சொல்லிச் சடங்கைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கலாம். நான் சத்தத்தைக் குறைத்துப் பையில் போட்டேன். மூன்று முறை அதிர்ந்தது. போய், மனைப் பலகையில் உட்கார்ந்துகொண்டேன்.

பூசையெல்லாம் முடியப் பதினொன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடிக்க, குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தபோது ஒரு டாக்சி வந்து நின்றது. தம்பி ஓடி வந்தான். தங்கை கண் கலங்கி, "ஏண்டா இம்புட்டு நேரம்?" என்றாள்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "பிளேன் லேட்டுக்கா" என்றான்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் மெதுவாகச் சொன்னான். "போனை எடுக்கலையா, வர்ற வழியில வண்டி எங்கயும் மோதிருச்சோன்னு பயந்துட்டேண்ணே. ரோட்டைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். எனக்காகப் பயந்தான் என்பதுதான் இன்றைக்கும் சுடுகிறது.