ரிங்கக்காவும் தண்ணீர் குடித்த டார்ச்சுகளும்

கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுக்கிற கம்பெனி அது. அங்கே உபகரண அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லோரும் ரிங்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விரலில் ஒரு மோதிரம்கூடக் கிடையாது. தண்ணீருக்கடியில் கொண்டுபோகும் டார்ச்சில், மூடி திருகுகிற இடத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அந்த ஓரிங் ஒழுங்காக உட்கார்ந்தால் தண்ணீர் உள்ளே வராது. அதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது என்று டைவர்கள் கேலியாக வைத்த பெயர் அது. வேறு பேச்சும் நிறையப் பேசுவாள், ஆனால் பெரும்பாலும் வசவு.

துறைமுகச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில் கடைசி அறை அவளுடையது. ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, நல்ல தண்ணீர் நிரம்பிய தொட்டி, வாசலுக்கு வெளியே ஒரு மணல் வாளி, சுவர் நிறைய டார்ச்சுகள். தோளில் டவலோ தலையில் ஈரமோ இருந்தால் வாசலோடு நின்றுவிட வேண்டும். மேனேஜரே ஒருமுறை கைக்குட்டையை உதறிக்கொண்டு உள்ளே வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஓரிங்கின் குறுக்கே ஒரு முடி கிடந்தால் போதும், ஒரு நூல் இழை போதும், கடல் அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும்.

அவள் முதலில் வந்தது கிழிந்த டைவிங் சூட்டுகளைத் தைக்கத்தான். அவள் வீட்டுக்காரர்தான் அங்கே தலைமை டைவர், எல்லோருக்கும் மாஸ்டர். தோளில் எப்போதும் ஒரு சிவப்பு டவல். அப்போதெல்லாம் ஒரு டார்ச் தண்ணீர் குடித்துவிட்டால் குப்பைக்குத்தான் போகும். பளபளவென்றிருந்த பொருளைத் தூக்கிப் போட மனசு வராமல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து, சமையலறையில் வைத்து மூடியைத் திருகினாள். படாரென்று மூடி பறந்தது, கூரையில் இடித்தது, திரும்பி வந்து மாஸ்டரின் டீ கிளாஸை உடைத்தது. அவர் கையில் கிளாஸின் அடிப்பாகம் மட்டும் மிஞ்சியது.

"என்னைக் கொல்லணும்னா நேரா சொல்லிடேன்மா," என்றார் அவர்.

பேட்டரியும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் உள்ளே வாயு கட்டிக்கொள்ளும் என்பது அன்றைக்கு அவள் படித்த பாடம். அதற்கப்புறம் நனைந்த டார்ச்சை அவள் திறக்கிற விதமே வேறு. மேலே கோணியைப் போடுவாள், மூடியைச் சுவர்ப் பக்கம் திருப்புவாள், தன் முகத்தை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவாள். புஸ் என்று காற்று போகும் வரை காத்திருப்பாள். பேட்டரி நேராக மணல் வாளிக்குப் போகும். டார்ச் நல்ல தண்ணீரில் ஊறும். உப்பு காய்ந்து உறைந்துவிட்டால் அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பாள். பிறகு வினிகரால் களிம்பை எடுத்து, மறுபடி கழுவி, நிழலில் காய வைப்பாள். சுருட்டை என்கிற டைவர் ஒருமுறை தானே கெட்டிக்காரன் என்று டார்ச்சை அரிசி டப்பாவில் புதைத்துக் கொண்டுவந்தான். அந்த டார்ச்சுக்குள்ளிருந்து அரிசித் தவிட்டை அவள் ஊசியால் நோண்டிய நேரமெல்லாம் அவனுக்கு அர்ச்சனை நடந்தது.

இப்படித் தண்ணீர் குடித்தவற்றை அவள் பிழைக்க வைப்பாள். ஆனால் அவள் பெருமை அதில் இல்லை. அவள் கையால் மூடிய டார்ச் தண்ணீர் குடிக்காது. அதுதான் அவள் பெருமை, அதற்காகத்தான் அத்தனை வசவையும் டைவர்கள் சிரித்தபடி கேட்டுக்கொண்டார்கள். கப்பலுக்கு அடியில் கலங்கல் தண்ணீர். டார்ச் அணைந்தால் தன் கை தனக்கே தெரியாது.

அந்தப் பெருமைக்குத்தான் ஆபத்து வந்தது.

முதலில் வக்கீலின் டார்ச் தண்ணீர் குடித்தது. வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிறவர் இல்லை, எதற்கெடுத்தாலும் வாதாடுகிற ஒரு டைவர். ரிங்கக்கா டார்ச்சின் கண்ணாடியில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

"விரிசல் விட்டிருக்கு. எவனோ கீழ போட்டிருக்கான். ஓரிங் மேல தப்பில்ல," என்றாள்.

மாஸ்டர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கண்ணால பாத்தா தெரியாதுங்க. நகத்த வச்சுப் பாருங்க."

"சரி சரி," என்றார் அவர். நகத்தை வைக்கவில்லை. அந்த 'சரி சரி' அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற சரி. சில நாட்களுக்கு முன்புதான் அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்திருந்தார் அவர். மாத்திரை அட்டையில் இருந்த எழுத்தை அவள் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கத் திணறியதையும் பார்த்திருந்தார்.

அதற்கப்புறம் வரிசையாக வந்தது வினை. இன்னொரு டார்ச், பிறகு மற்றொன்று. இரண்டிலும் ஓரிங் உப்புச் சேற்றில் ஊறியே வந்தது, விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியாகச் சுருட்டையின் டார்ச், கப்பலின் நடு அடியில் வைத்து அணைந்தது. இருட்டில் வழி தெரியாமல் அவன் போய் முட்டியது கப்பலைத் தள்ளும் விசிறியின் இலையில். புருவத்தில் தையல் போட்டுக்கொண்டு வந்தான்.

"பரவால்லக்கா, எனக்கு மண்டை கெட்டி," என்றான்.

ரிங்கக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. கொட்டகையில் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. அவள் திட்டினால் தலையைக் குனிந்துகொண்டார்கள். எதற்கும் விட்டுக்கொடுக்காத வக்கீல்கூட, "உங்க மேல தப்பில்லக்கா, டார்ச் பழசு," என்று வலிய வந்து சொன்னான். எல்லோரும் அவளிடம் இவ்வளவு நல்லவர்களாக நடந்துகொள்கிறார்கள் என்றால் முடிவு கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மூடிய டார்ச்சை மறுபடி திறந்தாள், பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். யாருக்காவது உயிர் போய்விட்டால் என்ன செய்வது என்ற நினைப்பில் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் மேனேஜரிடம் போய் நின்றாள். "இனிமே நான் டார்ச்ச மூடல சார். சூட்டு தைக்கிறேன், அது போதும்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "நானே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்க்கா. திறக்கவே வேண்டாத டார்ச் வருது இப்போ. வெளியிலேருந்தே சார்ஜ் போட்டுக்கலாம். அதையே வாங்கிடலாம்."

வேண்டாம், நீங்களே இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. அறைக்குத் திரும்பி வந்தாள்.

தொட்டியில் சுருட்டையின் டார்ச் இன்னும் கிடந்தது. அடிபட்ட நாளிலிருந்து அதைத் திறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. போகிற போக்கில் இதையாவது ஒழுங்காகக் கழுவி வைப்போம் என்று கோணியை எடுத்தாள். திறந்தாள், காற்றை விட்டாள், பேட்டரியை மணலில் போட்டாள். ஓரிங்கைக் கழற்றி, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கிடையே மெல்லச் சுழற்றினாள். பாதிச் சுற்றில் விரல் நின்றது.

வளையத்தில் வழவழப்பே இல்லை. அவள் பூசிய கிரீஸை யாரோ துடைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு பஞ்சு இழை ஒட்டியிருந்தது. வெள்ளைத் துணிமேல் வைத்துப் பார்த்தாள். நல்ல சிவப்பு. அந்தச் சிவப்பு டவலை வாராவாரம் துவைத்துக் காயப்போடுகிறவளே அவள்தான்.

அன்று மாலை மாஸ்டர் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் சாப்பாடு இல்லை. ஓரிங் இருந்தது, அதன்மேல் சிவப்பு இழை இருந்தது.

"என்னம்மா இது?"

"நீங்கதான் சொல்லணும். எப்போலேருந்து தொறக்குறீங்க?"

மாஸ்டர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு என்றைக்குமே வராது. "வக்கீல் டார்ச் போனதுலேருந்து."

"வேலைக்குப் போற போட்டுல வச்சா? உப்புத் தண்ணி தெறிக்கிற எடத்துல?"

"ஏதாச்சும் தூசி கீசி இருந்தா போகட்டும்னு சும்மா ஒரு தொடை தொடச்சேன்."

"என் ரூமுக்குள்ள டவலே வரக்கூடாதுன்னு நாயா கத்துறேன், நீங்க டவலாலயே தொடச்சிருக்கீங்க."

"உனக்குக் கண்ணு சரியில்லம்மா. சொன்னா நீ ஒத்துக்க மாட்ட. நாலு பேர் உன்னக் கொற சொல்லி நான் கேக்கக் கூடாதுன்னுதான், யாருக்கும் தெரியாம..."

"ஓரிங்க நான் என்னைக்குங்க கண்ணால பாத்தேன்? கண்ண மூடிட்டு வெரலாலதானே பாக்குறேன்! இத்தன வருஷமா வாசல்ல நின்னு பாத்தீங்களே!"

மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். "அது நீ சாமிய வேண்டிக்கிறன்னுல்ல நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. அந்தப் புள்ள மண்டைய ஒடச்சது என் கைதான்னு நானே நம்பிட்டேங்க," என்று சொல்லி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாஸ்டர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

தன்மேல் தப்பு என்று மாஸ்டர் சொல்லி அந்தக் கொட்டகையில் யாரும் கேட்டதில்லை. தண்ணீருக்கு மேலும் கீழும் அவர் வைத்ததுதான் சட்டம். மறுநாள் காலை அவர் எல்லோரையும் கூப்பிட்டு, மேனேஜரையும் வரவழைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடந்ததை அப்படியே சொன்னார். விழுங்கவும் இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. சுருட்டை தன் புருவத்தைத் தடவினான்.

"அப்ப இது உங்க கைவேலயா மாஸ்டர்?"

"ஆமாடா. என்னை மன்னிச்சிடு."

மேனேஜர் தாடையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரி. ஆனா எதுக்கும் அந்தப் புது டார்ச்சையே..."

"அப்புறம் பேசலாம் சார்," என்ற மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு டார்ச் மூடிக் கொடும்மா. சுருட்டை வேல செஞ்ச எடத்துக்கே போறேன்."

எல்லோரும் பார்த்திருக்க அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓரிங்கைச் சுழற்றினாள். பள்ளத்தில் பொருத்தி, கிரீஸ் பூசி, மூடியைத் திருகி நீட்டினாள்.

"வேணும்னா தொறந்து பாத்துக்கோங்க," என்றாள். குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் உள்ளுக்குள் பயம் நிஜம்.

மாஸ்டர் திறக்கவில்லை. டார்ச்சின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே துறைமுக மேடைப் படியில் இறங்கித் தண்ணீருக்குள் போனார்.

ரிங்கக்கா மேடை விளிம்புவரை வந்து நின்றாள். மங்கலான வெளிச்சம் ஒன்று கப்பலின் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நகர்ந்தது, பிறகு அடியில் புகுந்து மறைந்தது. இந்த டார்ச்சும் தண்ணீர் குடித்தால் குற்றம் டவல்மேல் இல்லை, தன் விரல்மேல்தான். அங்கே இருட்டில் இருப்பதும் தன் புருஷன்தான். சுருட்டை பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னான், அவள் காதில் விழவில்லை.

மறுபக்கத்தில் தண்ணீர் கலங்கியது. முதலில் மேலே வந்தது கை, கையில் டார்ச். எரிந்துகொண்டிருந்தது.

ரிங்கக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் படியேறி, தண்ணீர் சொட்டச் சொட்ட, முகக்கவசத்தை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, வெயிலில் அந்த டார்ச்சை உயர்த்திப் பிடித்தபடி அவள் முன்னால் வந்து நின்றார்.

"அணைங்க முதல்ல," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பட்டப்பகல்ல எதுக்குப் பேட்டரிய வீணாக்குறீங்க?"

"இரும்மா, மேனேஜர் பாக்கட்டும்," என்று சொல்லி, அணைக்காமலேயே ஆபீஸ் பக்கம் நடந்தார் மாஸ்டர்.