ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல அன்னிக்கு ஒண்ணுமே இல்ல

ஈரத்துல ஊறின பிளாஸ்டிக் கவர் வாடை... இப்பவும் மூக்குல நிக்குது.

தொண்ணூறுகளோட கடைசி. ஏற்காட்டுல ஏரிக்கு மேல் பக்கம் ஒரு லாட்ஜ். ரிசப்ஷன்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர், விண்டோஸ் 95. மழைக்காலத்துல பனி ஜன்னல் வழியா உள்ள வந்து அந்தக் கவர் மேல தண்ணியா நிக்கும். துடைச்சிட்டுத்தான் சுவிட்சைப் போடணும்.

காலையில கரடியூர்ல இருந்து காவேரி வருவாங்க. மத்தியானத்துக்கு மேல நான். மேனேஜர் ஒரு சட்டம் வச்சிருந்தாரு. ரெண்டு மணிக்கு சிஸ்டத்தை அணைச்சு, கவர் போட்டு, அரை மணி நேரம் 'ஆறப் போடணும்'. மெஷினுக்கு ஓய்வாம். ரூம் கூட்டுற அக்காவுக்கு ஒரு நாளும் அந்த அரை மணி நேரம் கிடைச்சதில்ல.

ரெண்டு மணிக்கு காவேரியோட பஸ். நான் வந்து சேரும்போது கிளம்பியிருப்பாங்க. பஸ் லேட்டான அன்னிக்கு மட்டும் ஸ்டாப்புல அஞ்சு நிமிஷம் பார்க்கலாம்.

லாட்ஜுக்குள்ள பேசவே கூடாது. "ஆணும் பொண்ணும் நின்னு பேசுனா லாட்ஜ் பேரு கெட்டுப் போயிரும்"பாரு மேனேஜர். ரூம் கேட்டு வர்ற ஜோடிங்ககிட்ட மட்டும் அந்த வாய் ஒரு கேள்வி கேக்காது. துண்டுப் பேப்பர்ல எழுதி வச்சாலும் எடுத்துப் படிச்சிருவாரு. ஆனா கம்ப்யூட்டரைத் தொடறதுக்கு அவருக்கு பயம்...

அந்த பயத்துல வழி கண்டுபிடிச்சது காவேரிதான்.

ஒரு நாள் சிஸ்டத்தைப் போட்டதும் சீட்டாட்டம் தானா தொறந்துச்சு. பதறிப் போய் மூடினேன். அடுத்த தடவை ஸ்டாப்புல பார்த்தப்ப கேட்டேன்.

"ஏனுங்க, சீட்டாட்டம் தானா தொறக்குது... வைரஸுங்களா?"

"வைரஸு இல்லீங்க, நான்தானுங்க." விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "ஸ்டார்ட்அப்னு ஒரு ஃபோல்டர் இருக்குதுங்க. அதுல எதைப் போட்டாலும் ஆன் பண்ணதும் வந்து நிக்கும். சீட்டாட்டம் வந்தா மேனேஜர் சேலத்துக்கு எறங்கிட்டாருன்னு அர்த்தமுங்க. நிம்மதியா இருங்க."

அப்படித்தான் ஆரம்பிச்சது.

கால்குலேட்டர் தொறந்தா முதலாளி மலை ஏறி வந்திருக்காரு, உஷார். பெயிண்ட் தொறந்தா டிராயருக்குள்ள அவங்க ஊட்டு பட்டர் ஃப்ரூட் இருக்கு. பார்த்ததும் ஃபோல்டரைக் காலி பண்ணிருவேன். கிளம்பும்போது அவங்களுக்கு நான் ஒண்ணு வச்சிட்டுப் போவேன்.

ஒரு நாள் சீக்கிரமே வந்துட்டேன். வாசல்ல பெங்களூர் கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. மேனேஜர் குரல் தேனா ஒழுகுச்சு. "காவேரிக் கண்ணு, நீ ஸ்டோர் ரூம்ல போய் உக்காரு சாமி. கெஸ்ட் வர்றாங்க."

லாட்ஜ்லயே வேகமா டைப் அடிக்கிறது அவங்கதான். ஆனா மலைக்காரப் பொண்ணு, கறுப்பு... முன்னாடி உக்காரக் கூடாது. மலை அவங்களது. நாற்காலி மட்டும் கீழ இருந்து ஏறி வந்த எங்களுக்கு.

காவேரி எழுந்து போனாங்க. அன்னிக்கு சிஸ்டம் போட்டப்ப எதுவும் மாறல... பெயிண்ட்தான் தொறந்துச்சு.

கொஞ்ச நாள்ல, சேலத்துல ஒரு ஜவுளிக்கடையில பில் போட ரெண்டு பேர் வேணும்னு சேதி வந்துச்சு. முன் கவுன்ட்டர் வேலை. திங்கட்கிழமை காலையில போய் நிக்கணும். ஸ்டாப்புல காவேரிகிட்ட சொன்னேன்.

"வர்றீங்களா?"

"கடைக்குங்களா... உங்ககூடவுங்களா?"

நான் பஸ் வர்ற வளைவைப் பார்த்தேன். அவங்களே சிரிச்சு சமாளிச்சாங்க. "ஊட்ல கேக்கணுமுங்க. சனிக்கிழமை நீங்க சிஸ்டம் போடறப்ப பாருங்க. சீட்டாட்டம் வந்தா வர்றேன், திங்கட்கிழமை கரடியூர் ஸ்டாப்புக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. கால்குலேட்டர் வந்தா கணக்கு ஒத்து வரலீங்க."

சனிக்கிழமை கவரைத் துடைக்கக்கூட இல்ல, சுவிட்சைப் போட்டேன். ஹார்ட் டிஸ்க் கரகரன்னு ஓடுச்சு. மேகம் போட்ட படம் வந்துச்சு, போச்சு. அப்புறம் அந்த நீலப் பச்சைத் திரை...

ஒண்ணும் தொறக்கல.

அணைச்சு மறுபடி போட்டேன். ஃபோல்டரைத் தொறந்து பார்த்தேன். காலி.

வேண்டாம்னு சொல்லக்கூட சங்கடப்பட்டு விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். அவங்க ஊட்ல போன் கிடையாது. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவு. திங்கட்கிழமை நான் மட்டும் மலை இறங்கிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு, தங்கியிருந்த ரூமைக் காலி பண்ண மேல போனேன். லாட்ஜ்ல தலை காட்டினேன். மேனேஜர் பெருமையா சொன்னாரு...

"நீ போனதும் போன, சிஸ்டம் இப்ப பறக்குது! நீ கடைசியா வந்த சனிக்கிழமை மத்தியானம், நீ வர்றதுக்குள்ள சர்வீஸ்காரர் வந்தாரு. ஆன் பண்ணா கண்டது கழியது தொறக்குது, அதான் இழுக்குதுன்னு எல்லாத்தையும் எடுத்து விட்டுட்டாரு."

ஸ்டாப்புக்கு ஓடினேன். காவேரி நின்னுட்டிருந்தாங்க.

"அன்னிக்கு என்னங்க வச்சிருந்தீங்க?"

"ஏன், ஒண்ணும் வரலீங்களா?"

"சர்வீஸ்காரன் எடுத்துட்டானுங்க. இப்பதான் தெரியும்."

ரோட்டைப் பார்த்துட்டே நின்னாங்க. பஸ் வளைவுல திரும்பற சத்தம் கேட்டுச்சு.

"அந்த இன்னொரு எடத்துக்கு ஆள் போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க..."

"அப்பறம் அதைத் தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறீங்க? விடுங்க. நொம்ப யோசிக்காதீங்க."

ஏறிப் போயிட்டாங்க. வேண்டாம்னு வச்சவங்க அந்த எடத்தைப் பத்தி எதுக்குக் கேக்கணும்... அது எனக்கு உறைச்சப்ப பஸ் கண்ணுக்குத் தெரியல.

இப்ப லாப்டாப்பை ஆன் பண்ணா நான் கேக்காமலே பத்து ஓப்பன் ஆகுது. அரட்டை, மீட்டிங், விளம்பரம், எந்த ஊர்க் கம்பெனிக்காரனோ எவனோ திணிச்சது. செட்டிங்ஸ்ல போய் ஒவ்வொண்ணா ஆஃப் பண்றேன். அப்டேட் வந்ததும் வெக்கமே இல்லாம திரும்ப வந்து நிக்குது.

அத்தனை இருந்தும், எனக்குன்னு ஒரு ஆள் யோசிச்சு வச்சது அதுல ஒண்ணு இல்ல.

ஆனாலும் ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேரையும் ஒரு தடவை படிச்சுப் பார்த்துடறேன்... சும்மாதான்.