கொம்பியூட்டர் இல்லாத கொம்பியூட்டர் வகுப்பு

ஒன்றும் தெரியாத பிள்ளைகளும் எல்லாம் தெரிந்த பிள்ளைகளும் ஒரே வாங்கில் அருகருகே இருந்தால் வாத்தியார் படும் பாட்டை, வகுப்பெடுத்துப் பிழைத்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபமொன்றில், வெளியிலிருந்தே படிக்கும் பல்கலைக்கழக வெளிவாரி மாணவர்களுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். கொம்பியூட்டர் இருந்தது கொழும்பில். பிள்ளைகள் கட்டம் போட்ட தாளில் எழுதுவதை ரயிலில் அனுப்புவோம். விடை ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமை வரும்.

முதல் விடை

கொம்பியூட்டர் வாசிக்கவேண்டுமென்றால், தாளில் இடப்பக்கம் சில கட்டங்களை வெறுமையாக விட்டே எழுதவேண்டும். மூதூரிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து வரும் சம்பூர் சரோஜினி, கொப்பியில் எழுதும் பழக்கத்தில் ஓரத்திலேயே தொடங்கிவிட்டாள். வரிக்கு வரி பிழை என்று விடை வந்தது. பக்கத்தில் கிண்ணியா பரீட்டின் தாள் சுத்தமாக இருந்தது. அவன் கொழும்பில் அந்த இயந்திரத்தோடேயே வேலை செய்துவிட்டு வந்தவன். அது அவளுக்குத் தெரியாது.

"எல்லாருக்கும் விளங்குது, எனக்குத்தான் ஏலாது. இனி நான் வரேல்ல, சேர்."

பரீட்டின் உதவி

இன்னும் ஒரு கிழமை பார் என்று கெஞ்சி, பரீட்டை அவளுக்குப் பக்கத்தில் இருத்தினேன். தங்கமான பிள்ளை. அவள் யோசிக்க முதலே பென்சிலை வாங்கி முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டான். விடை ஒரு பிழையுமில்லாமல் வந்தது. அவள் முகம் இன்னும் வாடிப்போனது.

"இது சரி, சேர். ஆனா நான் செய்யேல்லையே."

அந்தோனி இயந்திரமானது

அதன்பிறகு, தாளை அனுப்ப முதல் வகுப்பில் ஒருவர் இயந்திரமாக நின்று, எழுதியதை எழுதியபடியே செய்யவேண்டும் என்று வைத்தேன். சரோஜினி பரீட்சைப் புள்ளிகளைக் கூட்ட எழுதியிருந்தாள். பரீட் இயந்திரமானபோது அவள் விட்டதையெல்லாம் மனதுக்குள் நிரப்பிச் சரியான கூட்டுத்தொகையைச் சொல்லிவிட்டான். அவனை இருத்திவிட்டு, அவளைவிடப் புதியவனான அந்தோனியை எழுப்பினேன். கடைசிப் புள்ளி முடிந்தும் அவன் கையை நீட்டி அடுத்ததைக் கேட்டபடி நின்றான்.

"எல்லாம் முடிஞ்சுது, போய் இரும்!" என்றாள் சரோஜினி.

"நிப்பாட்டச் சொல்லி நீங்கள் எழுதேல்லையே, அக்கா."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். தாளை இழுத்து வெகுநேரம் பார்த்தாள். பரீட் வாயைத் திறக்க, நான் முறைத்தேன். அந்த ஒரு வரியை அவளாகவே எழுதி முடித்தபோது, எனக்குச் சத்தியமாக நெஞ்சு நிறைந்தது.

"இண்டைக்கே அனுப்புங்கோ, சேர். பிழை வந்தாலும் பரவாயில்ல, அது என்ர பிழை. திருத்த வருவன்."

அந்த வகுப்பில் என் சீவன் போனதில் பாதி, தெரிந்தவர்களைப் பேசாமல் இருத்தி வைப்பதற்கே போனது.