நண்டு இல்லாத நண்டு பன்: வில்லியனூரிலிருந்து பாகூர் வரை ஒரு காபி வேட்டை

சென்னையிலிருந்து என் மைத்துனி வந்திருந்தாள். வந்த அன்றே புதுச்சேரி டவுனில் கடற்கரையை ஒட்டிய கடை ஒன்றுக்கு எங்களை அழைத்துப் போனாள். காபியின் மேல் ஓர் இலை வரைந்து கொடுத்தார்கள். இலையைக் கலைக்க மனசு வராமல் நான் பார்த்துக்கொண்டே இருந்ததில் காபி ஆறிப்போனது. கூடவே வந்த குருவாசான் என்ற பிரெஞ்சு வெண்ணெய் பன் ஒன்றின் விலை நூற்றிருபது ரூபாய். "இந்த ஊர்ல நல்ல காபியும் பேக்கரி அயிட்டமும் இங்க மட்டும்தான் மாமா கிடைக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வில்லியனூர், பாகூர் கடைத்தெருக்களில் இதைவிட நல்லது வாங்கிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் நான் காபி குடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரைக்குக் கிளம்பினேன். லாஸ்பேட்டையில் என் வீட்டிலிருந்து வில்லியனூர் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஸ்கூட்டரில் போனேன். பஸ்ஸிலும் போகலாம், அடிக்கடி இருக்கிறது. எனக்குப் பஸ் சரிப்படாது. பக்கத்து சீட்டுக்காரர் குடும்ப விவகாரத்தில் ஆழ்ந்து இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவேன்.

வில்லியனூரில் தேர் வீதிப் பக்கம் ஒரு கடையில் கூட்டம் நின்றது. கூட்டம் நிற்கும் கடையில்தான் குடிப்பது என்பது என் கொள்கை. "ஒரு காபி" என்றேன். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா காபி சார்? டிகாஷனா, கலக்கறதா?"

"டிகாஷன்."

"டிகாஷன் தீந்துடுச்சு."

"அப்புறம் எதுக்குங்க கேட்டீங்க?"

"கேக்கணும்ல சார். கஸ்டமர்."

இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கிய காபியையே குடித்தேன், பதினைந்து ரூபாய். காபி சுமார்தான். ஆனால் கூட வாங்கிய தேங்காய் பன் பிரமாதம். அடுப்பிலிருந்து வந்த சூட்டில் உள்ளே பூரணம் இளகி, சட்டையில் இரண்டு சொட்டு விழுந்தது. வில்லியனூர் போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்னால் போனால் டிகாஷனும் கிடைக்கும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று நான் சொல்கிறேன்.

அங்கிருந்து ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர். என் வண்டி மீட்டர் பதினெட்டு கிலோமீட்டர் என்றது. மீட்டருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே உடல்நிலை என்பதால் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், நடுவே கரும்பு ஏற்றிய டிராக்டர். அதை முந்த முடியாமல் பின்னாலேயே போனதில் அரை மணி நேரப் பயணம் முக்கால் மணி ஆனது. பாகூர் ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. நின்று ஒரு போட்டோ எடுத்தேன். அதில் என் கட்டை விரல் நன்றாக விழுந்திருக்கிறது.

பாகூர் கடைத்தெருவில் ஏழுமலை என்பவரின் டீக்கடை. பாதி டீக்கடை, பாதி பேக்கரி. டீயும் காபியும் அண்ணன் ஏழுமலை. அடுப்பு தங்கை தேவகி. தேவகி டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பல வருஷம் ரொட்டி, கேக் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர். கண்ணாடிப் பெட்டிக்குள் பொறை, பப்ஸ், தேங்காய் பிஸ்கட்டுக்கு நடுவில் பொன்னிறத்தில் அது உட்கார்ந்திருந்தது. அச்சு அசல் குருவாசான். முன்னால் ஒட்டியிருந்த சீட்டில் 'நண்டு பன் ரூ. 40'.

"நண்டு போட்டதாம்மா?"

"அய்ய, இல்ல சார்" என்று தேவகி சிரித்தார். "மொதல்ல குருவாசான்னுதான் எழுதி வெச்சேன். ஒருத்தர் வந்து, 'குருவும் அவரே, ஆசானும் அவரேவா? எந்த ஊர் சாமியாரு, எப்ப வராரு'ன்னு கேட்டாரு. ஒண்ணுகூட விக்கல. அப்பறம் பூரணாங்குப்பத்துலேருந்து மீன் விக்க வர அக்கா கையில எடுத்துப் பாத்துட்டு, 'இன்னாடி இது, நண்டு மாரி கால மடக்கினு கீது'ன்னுச்சு. அதுலேருந்து இதான் பேரு."

காபி வந்தது. பித்தளை டபராவில், கெட்டி டிகாஷன், மேலே நுரை. இலை கிலை எதுவும் வரையவில்லை. இருபது ரூபாய். நண்டு பன்னைக் கடித்தேன். மேலே மொறுமொறு, உள்ளே அடுக்கடுக்காக வெண்ணெய் வாசம். மைத்துனியை மனசுக்குள் கூப்பிட்டு நிற்க வைத்து ஜெயித்தேன். வீட்டுக்கு நாலு வேண்டும் என்றேன்.

"பெட்டியில இருக்கற நாலும் வழக்கமா வரவங்களுக்கு சார். நாளைக்கு வாங்கன்னு சொல்லவும் முடியல. ஞாயித்துக்கிழம மட்டுந்தான் போட விடுவாரு எங்கண்ணன்."

"பின்ன?" என்றார் ஏழுமலை, டீ ஆற்றுவதை நிறுத்தாமல். "வெண்ண விக்கற வெலைக்கு! இது ஒண்ணு போடற நேரத்துல நா ரெண்டு தட்டு பொற எடுத்துடுவேன். சார், இன்னிக்கி ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வரிசத் தட்டுல வைக்க ஆர்டர் வந்துகீது. இவ மொத ஆர்டர். தட்டு நல்லபடியா போய் எறங்கட்டும், தெனமும் அடுப்பு இவளுக்கு. எதனா கோளாறுன்னா ஞாயித்துக்கிழமையும் கெடயாது. நேத்தே சொல்ட்டேன்."

"சொன்ன வாய மாத்தாத, அவ்ளோதான்" என்றார் தேவகி. கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் கை ஏப்ரனை முறுக்கிக்கொண்டிருந்தது.

தட்டு தயாராக இருந்தது. ஐம்பத்தொரு பன், மேலே கண்ணாடித் தாள், சிவப்பு ரிப்பன், நடுவில் மார்க்கரால் எழுதிய சீட்டு. எடுத்துப் போக மாப்பிள்ளையின் தாய்மாமன் கோவிந்தன் காரில் வந்து இறங்கினார். விபூதி, பட்டு வேட்டி, விசேஷ வீட்டு அவசரம். ஆர்டர் கொடுத்தது மாப்பிள்ளைப் பையன். மாமா இதைப் பார்ப்பது இப்போதுதான். சீட்டைப் படித்தார்.

"இன்னாது இது? நண்டா?"

இங்கேதான் என் வாய் சும்மா இருந்திருக்க வேண்டும். "கவலைப்படாதீங்க, நண்டோட ஓட்டை எடுத்துட்டுத்தான் போட்டிருக்காங்க" என்றேன். ஜோக். மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

"யோவ் ஏழுமல! கரையாம்புத்தூர்ல சம்பந்தி வூட்டுல, வெத்தல பாக்கு பக்கத்துல நண்டக் கொண்டு போயி வெக்கச் சொல்றியா? தட்டு மாத்தறப்போ என்னிய அடிப்பாங்கய்யா! வாணாம், நீயே வெச்சுக்கோ."

தேவகி என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பைவிட அனல் அதிகம். நான் காபிக்குள் பார்த்தேன். "மாமா, அவரு சும்மா வெளையாட்டுக்குச் சொல்றாரு. நண்டும் இல்ல, மீனும் இல்ல. வெறும் மாவு, வெண்ண. பாருங்க" என்று தேவகி தாளைப் பிரித்து ஒன்றை எடுத்துப் பிட்டுக் காட்டினார். கோவிந்தன் முகர்ந்து பார்த்தார். விரலை விட்டுத் துழாவினார். வாயில் போட்டார்.

"இன்னாம்மா, உள்ள ஒண்ணுமே காணமே!"

"அதத்தான மாமா நானும் சொல்றேன்."

"ஒண்ணுமே இல்லாததுக்கா நாப்பது ரூவா?"

நண்டு இருக்கிறது என்று சண்டைக்கு வந்தவர், இப்போது நண்டு இல்லை என்று சண்டை போட்டார். ஏழுமலை ஒரு காபியை அவர் முன் வைத்தார். "தோச்சு சாப்புடு மாமா." மீதிப் பாதியைத் தோய்த்துச் சாப்பிட்டார். விரலையும் நக்கிக்கொண்டார். பிறகு திடீரென்று தட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அய்யோ! அம்பத்தொண்ணுல ஒண்ண எடுத்துட்டியே. அம்பது ஆயிடுச்சே. ரெட்டப்படையில வரிசத் தட்டு வெப்பாங்களா?"

"இன்னொண்ணு சாப்புடு, நாப்பத்தொம்பது. சரியாப் போச்சு" என்றார் ஏழுமலை.

தட்டின் மங்கலத்துக்காக அந்தத் தியாகத்தைக் கோவிந்தன் உடனே செய்தார்.

"ருசி ஓக்கே. பேருதான் இடிக்குது. சபையில நண்டுன்னு போட்டு வெக்க முடியாது" என்றார், மீசையில் ஒட்டிய துகளைத் துடைத்தபடி. ஏழுமலை கொம்பு பன் என்று போடலாம் என்றார். கல்யாண விஷயத்தில் கொம்பு எதற்கு என்று கோவிந்தன் தள்ளிவிட்டார். நான் வாயைத் திறந்தேன். தேவகி திரும்பியதும் மூடிக்கொண்டேன். கோவிந்தன் சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து நேரம் பார்த்தார். "பத்தரைக்கு மேல வளர்பிற முகூர்த்தம், நா இங்க நின்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, பன்னைப் பார்த்தார். பிறை மாதிரி வளைந்து கிடந்தது. "எழுதும்மா. வளர்பிற பன்னு."

தேவகி புதுச் சீட்டு எழுதி, தாளை மறுபடி கட்டினார். கார் போய்விட்டது. கரையாம்புத்தூர் அங்கிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. நானும் கிளம்பியிருக்கலாம். ஆனால் தட்டு நல்லபடியாக இறங்கியதா என்று தெரியாமல் போனால் ஒரு வாரத்துக்குத் தூக்கம் வராது. இன்னொரு காபி சொன்னேன்.

"போவலயா சார்?"

"வெயில் தாழட்டும்னு பாக்கறேன்."

"வானம் மூடிகினு கீது சார்" என்றார் ஏழுமலை.

பதினொன்றரைக்கு அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் நாதஸ்வரம். கோவிந்தன் கத்தினார்: "யோவ் ஏழுமல! இங்க ஒரே பேஜாரு! பொண்ணு ஒவ்வொரு தட்டாப் பாத்துகினு, 'நண்டு பன்னு எங்க மாமா'ன்னு கேக்குது. பையன் போன்லயே சொல்லி வெச்சிருக்கான். அவங்க வூடே அதுக்குத்தான் காத்துகினு கீது! வளர்பிறைன்னதும் மூஞ்சி தொங்கிடுச்சு."

தேவகி போனைப் பிடுங்கினார். "அதான் இது, அதான் இதுன்னு சொல்லுங்க மாமா! ஒண்ண எடுத்துக் குடுங்க!"

அந்தப் பக்கம் ஏதேதோ குரல்கள். ஒரு பெண் சிரித்தாள். பிறகு கோவிந்தன், கொஞ்சம் அடங்கிய குரலில்: "ஏம்மா... கல்யாணத்துக்கு எரநூத்தொண்ணு போட முடியுமான்னு சம்பந்தி கேக்கறாரு."

ஏழுமலை டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார். அதற்கு அவசியமே இல்லை, ஏற்கெனவே கழுவியதுதான். "நாளைக்கு எத்தினி மணிக்கு அடுப்பு வேணும் உனுக்கு?" என்று கேட்டார். "அஞ்சு மணிக்கு" என்றார் தேவகி. பெட்டியில் மிச்சமிருந்த நாலையும் கட்டி என்னிடம் கொடுத்து, "இனிமே எங்க கடையில வந்து ஜோக்கு அடிக்காதீங்க சார்" என்றார்.

வீட்டில் மைத்துனி இரண்டு தின்றாள். தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, மூன்றாவதை எடுத்தாள். குருவாசான் என்றால் பிரெஞ்சில் வளர்வது, வளர்பிறை என்றுதான் அர்த்தம் என்று பிரெஞ்சு படித்த நண்பர் ஒருவர் பிறகு சொன்னார். கோவிந்தனுக்கு இது தெரிந்தால் தாங்காது. டவுன் கடையில் எங்கள் எல்லோருக்கும் வந்த பில்லோடு ஒப்பிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பெட்ரோல் உட்பட செலவு குறைவு, கலவரம் அதிகம், இரண்டும் எனக்குப் பிடித்தது.

போகிறவர்களுக்கு: பாகூருக்கு டவுனிலிருந்து நேராக வருவதானால் கடலூர் சாலையில் வந்து கன்னியக்கோயிலில் திரும்புங்கள், இருபது கிலோமீட்டருக்குள்தான். மழை முடிந்த மாதங்கள் நல்லது. ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், காபியைத் தனியாகக் குடிக்காமல் பன்னைத் தோய்த்துச் சாப்பிடுங்கள். இப்போது தினமும் உண்டு, பெட்டியில் இரண்டு சீட்டு ஒட்டியிருக்கிறது, உள்ளே இருப்பது ஒன்றுதான். சபையில் வைக்க வாங்குகிறவர்கள் வளர்பிறை பன் என்று கேளுங்கள். தின்பதற்கு வாங்குகிறவர்கள் நண்டு பன் என்று கேளுங்கள்.