எறும்புக்கு அடித்த மருந்து

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கூலிக்கு மண் வெட்டியே சூளகிரிப் பக்கம் சொந்தத் தோட்டம் வாங்கி, ஆறு தேனீப் பெட்டிகள் வைத்தேன். இந்த வட்டாரத்தில் என் தேனுக்கு ஈடு கிடையாது.

சென்ற கோடையில் பெட்டிகளில் எறும்பு ஏறியது. பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதுதான் வழக்கம். கிணறு வற்றிக் கிடந்ததால் நான் நிறுத்தவில்லை. அப்போது மலேரியாவுக்காக வீடு வீடாக டி.டி.டி. அடிக்கும் ஆள் வந்தார்.

"பெட்டிக் காலுக்கும் நல்லா அடிப்பா" என்றேன்.

"இது சுவத்துக்குத்தாங்க. தேனீ தாங்காதுங்க."

"எனக்கே சொல்றியா? எறும்புக்குத்தானே அடிக்கச் சொல்றேன்!"

என் மனைவி சிரித்தாள். "ஏங்க, எறும்பைக் கொல்ற மருந்து தேனீயை மட்டும் கும்பிட்டுட்டுப் போயிடுமா?"

ரோஷத்தில் பம்பைப் பிடுங்கி நானே அடித்தேன். மறுநாள் காலையில் பெட்டி வாசல்களில் தேனீக்கள் மல்லாந்து கால்களை உதறிக்கொண்டிருந்தன. ஆறு பெட்டிகளும் ஓய்ந்தன. பெட்டிகளைச் சீவிக் கழுவி வெயிலில் காய வைத்தேன். ஜவளகிரிக் காட்டிலிருந்து புதுக் கூட்டம் கொண்டுவந்து விட்டேன். பலகையில் ஊறிய மருந்து போகவில்லை; அதுவும் செத்தது.

இப்போது மருந்தைத் தோட்டத்துக்குள் விடுவதில்லை. தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து கிண்ணங்களை நிரப்புகிறேன். எறும்பு ஏறுவதில்லை. காலிப் பெட்டியில் அதற்கு என்ன வேலை?